விரல் வைக்க வருகிறவள்

என் விரலை ரேஷன் கடை மெஷின் எடுக்காது. வலது கட்டை விரலை வைத்தாலும் எடுக்காது, இடது விரலை வைத்தாலும் எடுக்காது, சேலையில் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தாலும் எடுக்காது. முந்திரிக்கொட்டை உடைக்கிற எங்கள் எல்லோருக்கும் இதே கதைதான். வறுத்த கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். அது பட்டுப் பட்டு முதலில் கொப்புளம் வரும், அப்புறம் தோல் உரியும். அடுத்து வருகிற தோல் கோடு கிழிக்காத பலகை மாதிரி இருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைக்கிறோம். சாம்பல் எவ்வளவுதான் தாங்கும்.

படிக்காதவள் என்றால் கைநாட்டாவது வைப்பாள். எனக்கு அதற்கும் வழியில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்தபோது நானும் போய் உட்கார்ந்தேன். முதலில் சுகுணா என்று என் பேரை எழுத வந்தது. பிறகு பஸ் போர்டு, பிறகு செய்தித்தாளில் பெரிய எழுத்து, பிறகு சின்ன எழுத்து. பாங்கில் கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொள்கிறார்கள். ரேஷன் கடையில் அது செல்லாது. அங்கே விரல்தான்.

எங்கள் கார்டில் நானும் என் மகள் அருணாவும் மட்டும். என் வீட்டுக்காரர் பேர் திருப்பதி, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் இருந்தவரை அவர் விரல். அவர் செத்துப்போன பிறகு அருணா விரல். அப்போது அவள் ஒன்பதாவது படித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, யூனிபாரத்தோடு வரிசையில் நிற்பாள். அவள் விரலை வைத்ததும் மெஷின் ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒருநாள் பில் போடுகிற பிச்சைமுத்து, "பாமாயில் போடவாக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"போடுங்க."

"வேணாம்ங்க," என்றாள் அருணா. "அந்த எண்ணெயில சுட்ட தோசைய நான் திங்க மாட்டேன்."

"ஒன்னைய யாருடி கேட்டா?"

"வெரலு வச்சது நான்தானே."

வரிசையே சிரித்தது. "அக்கா, குடும்பத் தலைவி மாறிருச்சு போலருக்கு. கார்டுல திருத்திருவோமா?" என்றார் பிச்சைமுத்து. நானும் சிரித்தேன். அன்றைக்கு எண்ணெய் வாங்கவில்லை.

அதிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் அதுதான் பேச்சு. பதினொன்றாவதில் என்ன குரூப் எடுப்பது என்று வந்தபோது, வாத்தியார் சொன்னதையும் கேட்கவில்லை, நான் சொன்னதையும் கேட்கவில்லை. "வெரலு வச்சது நான்தானே" என்றாள். காதுக்குப் போட்டிருந்த ஜிமிக்கி கனக்கிறது என்று கழற்றி வைத்தபோதும் அதுதான். பன்னிரண்டாவது முடித்ததும் மெட்ராஸ் பக்கத்தில் செல்போன் செய்கிற கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூடப் படித்த பிள்ளைகளோடு போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்து சொன்னபோது, அந்தப் பேச்சைக்கூட அவள் பேசவில்லை. போகிற தேதியைத்தான் சொன்னாள்.

"அப்ப அரிசிக்கு என்னடி பண்றது?" என்றேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான்.

"மாசத்துக்கு ஒரு சனிக்கெழம வாரேம்மா. வெரலு வச்சுட்டுப் போறேன்."

சொன்னபடி வந்தாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறி, தஞ்சாவூரில் மாறி, கந்தர்வக்கோட்டையில் இறங்கி, காலையில் மினி பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வந்து சேருவாள். குளித்துச் சாப்பிட்டதும் கடைக்குப் போவோம். விரல் வைப்பாள். மத்தியானம் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றாள். அடுத்த தடவை முடியைத் தோளோடு வெட்டியிருந்தாள். அதற்கடுத்த தடவை போனில் யாரோடோ இந்தியில் இரண்டு வார்த்தை பேசினாள். வறுக்கிற புகை வீட்டுக்குள் வந்தபோது மூக்கைப் பொத்தினாள். அந்தப் புகையில்தான் அவள் பிறந்தாள், வளர்ந்தாள். அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் விரல் மட்டும் அப்படியே இருந்தது. அதில் கோடுகள் சுழி சுழியாகத் தெளிவாக இருந்தன.

வீட்டில் நான் ஒருத்தி. சமைப்பதும் ஒருத்திக்குத்தான். கொட்டை உடைக்கிற கொட்டகையில் பகல் முழுக்கப் பேச்சுச் சத்தம் இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் பாத்திரம் வைத்த இடத்தில் பாத்திரம் இருக்கும். அதை நகர்த்துவதற்கு ஆள் கிடையாது. அந்தச் சனிக்கிழமை வரும் என்பதை நினைத்துத்தான் மற்ற நாட்களைத் தள்ளினேன்.

ஆடி மாதம் கடைக்குப் புது மெஷின் வந்தது. கையடக்கமாக, கறுப்பாக, கண்ணுக்கு நேரே பிடிக்கிற மாதிரி ஒன்று. வேறு வேலையாக அந்தப் பக்கம் போன என்னைப் பிச்சைமுத்து கூப்பிட்டார்.

"அக்கா, இனிமே ஒங்களுக்குக் கவல இல்ல. வெரலு விழலன்னா கண்ணு. ஆதார்ல ஒங்க கண்ணையும் எடுத்திருப்பாங்கள்ல. இங்கிட்டு வாங்க, வச்சுப் பாப்போம். பாப்பாவ அம்புட்டு தூரத்துலேருந்து வர வைக்க வேணாம்."

நான் ஓர் அடி பின்னால் போனேன். "எனக்குக் கண்ணுல தண்ணி வடியுதுங்க. புகை. பிள்ளையே வரட்டும்."

"ஒரு தடவ பாக்குறதுல என்னக்கா?"

"பிள்ளையே வரட்டும்ங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கிற செபமாலை அக்காவுக்கு அன்றைக்கே சேதி போய்விட்டது. அவள் விரலையும் மெஷின் எடுக்காது. முதல் நாளே போய்க் கண்ணை வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏ சுகுணா, ஒனக்குக் கண்ணுல தண்ணி வடியுதாமே?"

"ஆமாக்கா."

"கொட்டைக்குள்ள கிடக்குற பூச்சிய எனக்கு முன்னாடி நீதானடி பாக்குற."

நான் கொட்டையைப் பார்த்து அடித்தேன். அவளும் ஒரு கொட்டையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "என் மகன் சிங்கப்பூர் போயி, வாரேன் வாரேன்னு சொல்லிட்டேதான் இருக்கான்," என்றாள்.

அந்த மாதம் அருணா வந்தாள், விரல் வைத்தாள். கடையில் கூட்டம். பிச்சைமுத்து ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை முகம் வாடியிருந்தது, சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் வந்த அலுப்பு என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். அவள் போனதும், இன்னும் ஒரு மாதம் தப்பியது என்றுதான் நினைத்தேன்.

ஆவணியில் அவள் வந்தபோதே ஏதோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. பையைத் தூக்கி ஆணியில் மாட்டாமல் கீழேயே வைத்தாள். கொடுத்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியில டிப்ளமோ படிக்க விடுறாங்கம்மா. படிச்சா லைன் லீடர் ஆகலாம். சனி ஞாயிறு கிளாஸ். அடுத்த மாசத்துலேருந்து."

"சனி ஞாயிறா."

"ஆமா. பேர் குடுத்துட்டேன்."

"அப்ப அரிசி?"

"அதான் யோசிச்சேன். போன் நம்பருக்கு ஒரு நம்பர் வரும்மா, அத நான் ஒனக்குப் போன்ல சொல்லுவேன், நீ கடையில சொல்லணும். கூட வேலை பாக்குற பிள்ளை ஒண்ணு அவங்க வீட்டுக்கு அப்படித்தான் பண்ணுது. நான் பிச்சைமுத்து அண்ணன்ட்ட கேக்குறேன்."

"அதெல்லாம் இங்க செய்ய மாட்டாங்க."

"கேட்டாத்தானே தெரியும்."

"நம்பர் வராது. டவர் கிடைக்காது."

"என் போனுக்குத்தான்மா வரும். மெட்ராஸ்ல டவருக்கு என்ன."

தட்டை வாங்கிக் கழுவினேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அன்றைக்குக் கூட்டமும் இல்லை. யாராவது நாலு பேர் நிற்கக்கூடாதா என்று இருந்தது. அருணா ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். பிச்சைமுத்து அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நம்பர்லாம் எதுக்கு பாப்பா? கண்ணு மெஷின் வந்து ரெண்டு மாசமாகப் போவுது. அம்மாதான் கண்ணுல தண்ணி வடியுதுன்னாங்க."

அருணா திரும்பி என் கண்ணைப் பார்த்தாள். நான் மூட்டைகளைப் பார்த்தேன். ஒரு மூட்டையின் மேல் அணில் உட்கார்ந்திருந்தது. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை.

"அந்த மெஷினக் குடுங்கண்ணே," என்றாள். அவளே வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நல்லா முழிச்சுப் பாரும்மா. சிமிட்டாத."

கறுப்புக்குள் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. சிமிட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. அவள் கை என் தாடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குக் கண்மை வைக்க நான் அப்படித்தான் பிடிப்பேன். நான் சிமிட்டவில்லை.

மெஷின் சத்தம் கொடுத்தது.

"டக்குன்னு எடுத்துருச்சே," என்றார் பிச்சைமுத்து. "நல்ல கண்ணுக்கா ஒங்களுக்கு."

அரிசியை சைக்கிளில் வைத்துக் கட்டினாள். அவள் தள்ள, நான் பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முந்திரித் தோப்பு வந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது.

"போன மாசம் காய்ச்சலோட வந்தேம்மா," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "பஸ்ஸுல சீட்டு இல்ல. விழுப்புரம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன். நான் வரலன்னா ஒனக்கு அரிசி இல்லையேன்னு வந்தேன்."

"காய்ச்சல்னு நீ சொல்லலையே."

"சொன்னா நீ பயப்புடுவ."

"சொல்லிருந்தா வர வேணாம்னு சொல்லிருப்பேன்."

"சொல்லிருப்பியா?"

சைக்கிள் சக்கரம் மணலில் மாட்டியது. இரண்டு பேரும் சேர்ந்து தள்ளி வெளியே கொண்டுவந்தோம். அவள் நின்று முகத்தைத் துடைத்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். வியர்வைதான்.

"எனக்கு ஒங்கிட்ட என்ன கோவம் தெரியுமா? கண்ணு வடியுதுன்னு சொன்னது இல்ல. ஒனக்கு என்னையப் பாக்கணும்னா, பாக்கணும்னு சொல்லு. வெரலச் சொல்லாத."

"சொன்னா வருவியா?"

"முடிஞ்சா வருவேன். முடியலன்னா முடியலன்னு சொல்லுவேன். ஆனா நீ சொல்லணும்." கொஞ்ச தூரம் போய்விட்டு மறுபடி சொன்னாள். "இம்புட்டு நாளா ஒரு தடவகூட நான் இந்த ஊருக்குச் சும்மா வரல. அப்பா செத்தப்பறம் நான் எங்க போனாலும் அரிசிதான் ஞாபகம். ஒரு தடவயாச்சும் சும்மா வரணும்மா எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை மினி பஸ்ஸுக்கு நானும் கிளம்பினேன். "நானே போயிக்கிறேன், நீ வெயில்ல வராத," என்றாள். எப்போதும் சொல்வதுதான். எப்போதும் நான் கேட்காமல் போவேன். அன்றைக்கு வாசலோடு நின்றுகொண்டேன். அவள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டியது, வா என்பதா, உள்ளே போ என்பதா என்று தெரியவில்லை.

புரட்டாசியில் நான் தனியாகப் போய்க் கண்ணை வைத்தேன். அரிசி, சர்க்கரை, பருப்பு, எல்லாம் போடவா என்றார் பிச்சைமுத்து. போடுங்க என்றேன். சைக்கிளில் கட்டி நானே தள்ளிக்கொண்டு வந்தேன். மணலில் மாட்டியபோது நானே மீட்டேன். வீட்டுக்கு வந்து அரிசியைக் கொட்டி வைப்பதற்குள் போன் அடித்தது. அருணா.

"அரிசி வாங்கிட்டியாம்மா?"

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"கார்டுல என் நம்பர்தானே இருக்கு. நீ வாங்குனா எனக்கு மெசேஜ் வரும். கிளாஸ்ல இருக்கேன், வைக்கவா?"

அவள் வைத்துவிட்டாள். நான் போனை அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே என் கண்ணை வைத்தால் அங்கே அவள் போனில் மணி அடிக்கிறது. இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

ஐப்பசியில் முதலில் அரிசி மட்டும் வாங்கினேன்.

"சர்க்கரை, பருப்பெல்லாம் இருக்கேக்கா. சேத்துப் போட்டுர்றேன்," என்றார் பிச்சைமுத்து.

"தூக்க முடியாதுங்க. அப்பறம் வாரேன்."

அன்றைக்கு அருணா போன் பண்ணினாள். சைக்கிள் தள்ளினதில் கால் வலிக்கிறதா என்று கேட்டாள். கிளாஸில் இங்கிலீஷில் நடத்துகிறார்கள், பாதி புரியவில்லை, ஆனால் மற்றவர்களுக்கும் புரியவில்லை என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் வீட்டில் இருந்தது.

அடுத்த வாரம் சர்க்கரைக்குப் போனேன். பிச்சைமுத்து மெஷினை நீட்டினார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு மெசேஜ் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

சக்கரைக்குத் தனியா போனியா.

கேள்விக்குறி இல்லை. கேட்கிறாளா, தெரிந்துகொண்டு சொல்கிறாளா என்று பிடிபடவில்லை. எழுத்தாக வந்தால் குரல் தெரிவதில்லை, அதுதான் சங்கடம். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஆமா என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது.

பருப்பும் சேத்து வாங்கிருக்கலாம்ல. வெயில்ல நடக்காத.

வெயிலே இல்லை. நாலு நாளாக மழை மூட்டம். அவள் இருக்கிற இடத்தில் வெயில் அடிக்கிறது போலிருக்கிறது.

மறு வாரம் பருப்புக்குப் போனேன். பிச்சைமுத்து கையை விரித்தார். "முடிஞ்சிருச்சேக்கா. அன்னைக்கே வாங்கிருந்தா கெடச்சிருக்கும். இனி அடுத்த மாசம்தான்."

"வேற எதுவும் போட முடியாதாங்க?"

"ஒங்க கார்டுக்கு வேற என்ன பாக்கி? பாமாயில் இருக்கு. அதான் பாப்பா வேணாம்னு சொல்லிருக்கே." அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "போடவாக்கா?"

ஒரு நொடி நினைத்தேன். எண்ணெய் வாங்கினால் மெசேஜ் போகும். வாங்காவிட்டால் ஒன்றும் போகாது. நான் கடைக்கு வந்து நின்றதும், திரும்பிப் போவதும் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த எண்ணெயை அவள் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டுக்குள் சேர்த்ததில்லை.

"வேணாம்ங்க," என்றேன்.

காலிப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். மினி பஸ் நிற்கிற புளியமரத்தடியில் யாரும் இல்லை. அங்கே இருந்த கல்லில் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. டிரைவர் நான் ஏறுவேன் என்று நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பின்னால் இறங்குவதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன். பஸ் போய்விட்டது.

அவள் போனதிலிருந்து நானாக அவளுக்குப் போன் போட்டதே இல்லை. வேலை நேரமாக இருக்கும், போனைக் கம்பெனி வாசலில் பெட்டியில் வைத்திருப்பாள், என்னவோ ஏதோ என்று பதறுவாள். இப்படி ஏதாவது சொல்லிக்கொள்வேன். போன் போடுவதற்கு அரிசி முடிந்திருக்க வேண்டும், காய்ச்சல் வந்திருக்க வேண்டும், யாராவது செத்திருக்க வேண்டும். காரணம் இல்லாமல் போன் போட்டால் என்னவென்று பேச்சை ஆரம்பிப்பது?

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பேரை அழுத்தினேன். தொடுதிரையும் என் விரலை உடனே எடுக்காது. இரண்டாம் தரம் அழுத்தியதும் போயிற்று. மணி அடித்தது, அடித்தது, நின்றுவிட்டது.

கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். தூறல் போட்டது. மரத்தடியில் நனையவில்லை. செபமாலை அக்கா சர்ச்சுக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தாள். "யாருக்குடி காத்திருக்க?" என்றாள். யாருக்கும் இல்லை என்றேன். அவள் நம்பின மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

போன் அடித்தபோது எழுந்து வீட்டுக்குப் பாதி தூரம் வந்திருந்தேன்.

"என்னம்மா? என்ன ஆச்சு? கிளாஸ்ல இருந்தேன். மெஷின் கண்ண எடுக்கலையா?" மூச்சு வாங்கினாள். வெளியே ஓடி வந்திருப்பாள் போல.

"ஒண்ணும் ஆகல."

"பின்ன?"

"சும்மாதான் போட்டேன்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சும்மாவா?" என்றாள்.

"ஆமா. ஒன்னையப் பாக்கணும்போல இருந்துச்சு. அதான்."

"எனக்கு இந்த மாசம் முடியாதும்மா."

"தெரியும். முடியலன்னா முடியலன்னு சொல்லு. அப்படித்தானே நீ சொன்ன."

அவள் பின்னால் யாரோ இந்தியில் கூப்பிட்டார்கள். இவள் வாரேன் என்று அதே பாஷையில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு என்னிடம், "கூப்புடுறாங்க, வைக்கவா?" என்றாள்.

"வையி."

அவள் உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மழைச் சத்தம் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பிறகு அவளே வைத்தாள். காலிப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்தேன். பாத்திரம் வைத்த இடத்தில் பாத்திரம் இருந்தது.